எங்கள் வீட்டில் சாப்பிடாமல் கிடந்த பாம்பு

பிள்ளைகளே,

போன கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்ன மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"வாப்பா, அந்தப் பாம்புக்கு இப்ப எங்கள ஞாபகம் இரிக்குமா?"

மூத்தவள் சிரித்தாள். "உன்ன நல்லா ஞாபகம் இரிக்கும். நீதானே அதுக்கு முன்னால குந்திக்கொண்டு பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் படிச்ச."

"நான் படிக்கல்ல."

"படிச்ச. உம்மா வெளிநாட்டால வந்த நேரம் உம்மாட்டப் போகாம பாம்புப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்ச."

"பொய். நான் உம்மாட்டப் போகாம இரிப்பேனா?"

உங்கள் உம்மா சொதியை ஊற்றிவிட்டுச் சின்னவளின் தலையைத் தடவினா. அவ சொல்லாததால் நான் எழுதுகிறேன். சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு மறந்துபோனது நியாயம்தான். ஆனால் இது மறந்துபோகக் கூடாத கதை.

அந்தக் காலத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி எத்தாளைப் பக்கம் மீன் விற்பேன். பின்னேரம் குளித்துவிட்டுக் கடற்கரையில் இருக்கிற ஒரு பங்களாவுக்குக் காவலுக்குப் போவேன். பங்களாக்காரர் கொழும்பில் இருந்தார். நாங்கள் சிங்களத்தில் பெரிய மாத்தயா, பெரிய ஐயா என்போம். அவருடைய மகள் சின்ன நோனா. அவதான் அந்தப் பாம்பை வளர்த்தவ. பெருவிரல் பருமனில் வாங்கியதாம். என்னிடம் வரும்போது என் கையைவிடப் பருமன், ஆள் உயரத்தைவிட நீளம்.

சின்ன நோனா படிக்க வெளிநாடு போக வேண்டி வந்தது. கொழும்பு வீட்டில் அவவின் தாய்க்குப் பாம்பு இருக்கிற அறைக்குப் பக்கத்தில் நடக்கவே ஏலாது. அதனால் கண்ணாடிப் பெட்டியோடு பாம்பைக் கொண்டுவந்து பங்களாவில் வைத்தார்கள். ஊரில் எல்லாரும் மலைப்பாம்பு என்றார்கள். இது அந்த இனம் இல்லை, கடல் தாண்டிய நாட்டுப் பாம்பு, பெயர் போவா என்று சின்ன நோனா சொன்னா. மண் நிறம். முதுகில் கபில நிறத்தில் பெரிய பெரிய சேணம் போட்டதுபோல அடையாளங்கள். வால் பக்கம் போகப் போக அந்தக் கபிலம் செங்கல் நிறமாகிவிடும். விஷம் இல்லை. இரையைச் சுற்றி இறுக்கித்தான் பிடிக்கும்.

போவதற்கு முன் சின்ன நோனா சில நாள் பங்களாவில் தங்கி எனக்குப் பழக்கினா. நாங்கள் சிங்களத்தில்தான் கதைத்தோம். அவ சொன்னதில் முதலாவது இதுதான். "இதுக்குக் கோபம் குறைவு, பயம்தான் கூட. நீங்க பயந்தா அதுவும் பயப்படும். மேலேயிருந்து கையைக் கொண்டுபோக வேண்டாம். மேலேயிருந்து வாறதெல்லாம் பருந்து என்றுதான் அது நினைக்கும்."

நான் கதவுவரைக்கும் பின்னால் போனேன். அவ சிரிக்கவில்லை. முதல் கிழமை தொடவே வேண்டாம், பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுச் சும்மா இருங்கள் என்றா. பிறகு என் பழைய சட்டை ஒன்றைக் கேட்டா. கழுவாத சட்டை. அதைப் பெட்டிக்குள் ஒரு மூலையில் போட்டா. "பாம்புக்கு நாக்குதான் மூக்கு. இந்தச் சட்டையில இருக்கிற மணம் யாருடைய மணம், அந்த ஆள் ஒண்டும் செய்ய மாட்டார், அந்த ஆள் சாப்பாடும் இல்ல என்று அது படிச்சுக்கொள்ளும்."

அப்படியே நடந்தது. சட்டை மேல் சுருண்டு படுக்கத் தொடங்கியது. தூக்கும் முன் கொக்கிக் கம்பியால் முதுகில் மெதுவாக ஒரு தட்டு. தட்டினால் சாப்பாடு இல்லை, தூக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினால் அது தன் பாரத்தை நம்பி இறக்கிவைக்கும். அந்தப் பாரத்தை முதன்முதல் கையில் வாங்கிய நாள் எனக்கு மூத்த மகள் பிறந்து அவளைத் துணியில் சுற்றிக் கையில் தந்த நாள்தான் ஞாபகம் வந்தது. பாம்போடு தன்னைச் சேர்த்து எழுதிவிட்டேன் என்று மூத்தவள் கோபிப்பாள். கோபிக்கட்டும்.

சாப்பாடு இரண்டு கிழமைக்கு ஒருக்கா. சிலாபத்தில் வெள்ளெலி வளர்க்கிற ஒருவர் உறையவைத்து பஸ்ஸில் அனுப்புவார். பங்களாவின் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய நாளில் எடுத்து இளஞ்சூட்டு நீரில் வைத்து இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். உயிரோடு எதையும் போடக் கூடாது. இரை கடித்தால் பாம்புக்குத்தான் காயம். சாப்பிட்ட பிறகு சில நாள் தூக்கக் கூடாது. தூக்கினால் கக்கிவிடும். இதெல்லாம் சின்ன நோனாவின் சட்டம். பங்களாவில் இருந்தவரை அது ஒரு தடவைகூடச் சாப்பாட்டை மறுக்கவில்லை.

உங்கள் உம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தா. இந்த வீட்டுக்குக் கூரை போட வேறு வழி இருக்கவில்லை. சின்னவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது போனவ. வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் வருவா. சின்னவள் ஸலாம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். திரையில் இருக்கிறவ உம்மா என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திரையில் இருக்கிற ஒருவரிடம் எதைக் கதைப்பது?

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியதும் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் நின்று கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்துவிடுவார்கள். பங்களாவை அவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். பெரிய மாத்தயா தொலைபேசியில் அழைத்து, பாம்பைக் கொஞ்சக் காலம் உங்கள் வீட்டில் வைக்க முடியுமா என்று கேட்டார். நான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே பங்களாவுக்கு வந்து அதைத் தொட்டுப் பார்த்தவர்கள். கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்றீர்கள்.

பெட்டியை லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பக்கத்து வீட்டிலிருந்து என் கூடப்பிறந்த ராத்தா, உங்கள் மாமி, வேலிக்கு வந்து பார்த்தா.

"தம்பி, ஊருல எல்லாரும் ஆடு வளக்கிறாங்க. நீ பெருநாளைக்கு இதத்தான் அறுக்கப் போறியா?"

"இது விருந்தாளி ராத்தா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"விருந்தாளி இரிக்கிற மட்டும் நான் உன்ட வாசல் மிதிக்க மாட்டேன். கறிய வேலியால தாறன்."

சொன்னபடியே பாம்பு இருந்த காலம் முழுக்க வேலிக்கு மேலால்தான் கறி வந்தது.

பாம்போடு எலிகளும் வந்தன. நீங்கள் ஐஸ்பழம் வைக்கிற பெட்டியில் எலியை வைக்க மூத்தவள் விடவில்லை. அது நியாயம். குசினிக்குப் பின்னால் ஒரு பழைய குளிர்பெட்டி கிடந்தது. முன்பு விற்பனைக்குப் போக மிஞ்சிய மீனை வைத்த பெட்டி. அதைச் சவர்க்காரம் போட்டு, தேசிக்காய் தேய்த்து, நல்ல வெயிலில் காயவைத்து எலிக்கு ஒதுக்கினேன். எலியை இளக்குவதற்கு ஒரு பழைய பேசின். அதையும் கழுவினேன்.

எங்கள் வீட்டில் அது சாப்பிடவில்லை.

முதல் தடவை இடுக்கியில் எலியை நீட்டினேன். தலையைத் தூக்கி வந்தது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு அமைதியாகத் திரும்பிப் போய் என் சட்டை மேல் படுத்துக்கொண்டது. வெளிநாட்டில் இருந்த சின்ன நோனாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இடம் மாறினா அப்படித்தான். ஒரு கிழமை விட்டுப் பாருங்க. பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்." ஒரு கிழமை விட்டேன். பெட்டியைப் போர்வையால் மூடினேன். விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தேன். மறுபடியும் நாக்கால் பார்த்தது, திரும்பிப் போனது.

பிறகு அதன் கண் பால் படர்ந்தது போலாகியது. சின்னவள் குருடாகிவிட்டது என்று அழுதாள். தோல் கழற்றப் போகிறது, அந்த நேரம் சாப்பிடாது என்று சின்ன நோனா சொன்னா. தோலும் கழன்றது. முழுத் தோலும் ஒரே துண்டாக வந்தது. புதுத் தோலில் வெளிச்சம் பட்டால் நீலமும் ஊதாவும் ஓடியது. இப்போது சாப்பிடும் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். அப்போதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"அவ ஏன் சாப்புடுறா இல்ல?" என்று சின்னவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். பாம்பை அவள் அவ என்றுதான் சொல்வாள். பெண் பாம்பு என்று சின்ன நோனா ஒருமுறை சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் அது என்று சொல்ல அனுமதி இல்லை.

மாமி வேலியால் யோசனை சொன்னா. "உயிரோட ஒரு கோழிக்குஞ்ச விட்டுப் பாரன். பசி வந்தா எல்லாம் தின்னும்." அதைக் கேட்ட சின்னவள் எங்கள் குஞ்சுகள் எல்லாவற்றையும் கூடையால் மூடி, அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே பொழுதுபடும்வரை உட்கார்ந்திருந்தாள். சின்ன நோனாவும் உயிரோடு எதுவும் வேண்டாம், வேறு சாப்பாட்டுக்கும் மாற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னா.

பாம்பின் முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. பெரிய மாத்தயா தொலைபேசியில் வந்து, மாத முடிவுக்குள் சாப்பிடாவிட்டால் கொழும்பில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்விட்டு, பிறகு அங்கேயே பாம்பு வளர்க்கிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். அவர் கெட்ட மனதில் சொல்லவில்லை. நான் தொலைபேசியை வைத்ததும் சின்னவள் வாசலில் நின்றாள்.

"அவவும் போறாவா?" என்றாள்.

உம்மா போனதையும் சேர்த்துக் கேட்ட அந்த 'உம்' என் நெஞ்சில் குத்தியது. பார்ப்போம் மகள் என்றேன்.

அந்த மாதத்தில்தான் உங்கள் உம்மா வந்தா. வேலை செய்த வீட்டில் தவணை முடிந்திருந்தது. விடுமுறை கழித்துத் திரும்ப வரச் சொல்லி அந்த வீட்டு அம்மணி கேட்டிருந்தாவாம். போவதா நிற்பதா என்று உம்மா முடிவு செய்யாமல்தான் வந்தா.

வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் கால் வைத்தவ அப்படியே நின்றுவிட்டா. சால்வையால் மூக்கைப் பொத்தினா.

"என்ன மணம் இது?"

"என்ன மணம்?" என்றாள் மூத்தவள்.

"மீன் மணம். வீடு முழுக்க. சுவரெல்லாம் மணக்குது."

மூத்தவளின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு மணமும் இல்ல. உங்களுக்குத்தான் இப்ப எங்கட வீடு மணக்குது."

உம்மாவுக்கும் கண் கலங்கியது. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவ. அங்கே வாசனைப் புகை போடுகிற, கதவு எல்லாம் பூட்டிய வீட்டில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறா. அவவின் மூக்கு அவவுக்கே தெரியாமல் மாறியிருந்தது. அது அவவின் பிழையும் இல்லை, மூத்தவளின் பிழையும் இல்லை.

சின்னவள் பாம்புப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். உம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனா. சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உம்மா தூக்கினபோது மரக்கட்டை போல விறைத்துப்போய் இருந்தாள். உம்மா மெதுவாக இறக்கிவிட்டா.

உம்மா குசினியில் அழுதபோது நான் எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "கையக் கொண்டு போகாத. பக்கத்தில கதிரையப் போட்டுச் சும்மா இரு. உன்ட மணம் அவளுக்குப் பழகட்டும்."

"இது யார் சொல்லித் தந்தது?"

"பாம்புக்காரி."

உம்மா கண்ணைத் துடைத்துவிட்டு என்னை முறைத்துப் பார்த்தா. "என்ட புள்ளய நான் பாம்பு மாதிரிப் பழக்கோணுமா?"

"நானும் முதல்ல நடுங்கினன்தான். இப்ப தூக்கி வச்சிரிக்கிறன்."

அவ சிரித்துவிட்டா. ஆனால் கேட்டுக்கொண்டா. அடுத்த நாளிலிருந்து உம்மா பாம்புப் பெட்டி இருக்கிற அறையில் ஒரு கதிரையைப் போட்டு வெங்காயம் உரித்தா, துணி மடித்தா. பாம்பின் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டா, அவ்வளவு பயம். ஆனால் சின்னவள் இருக்கிற இடம் அதுதானே. சின்னவளின் பாயில் உம்மாவின் சால்வை ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சாப்பாட்டு நாள் பின்னேரம். மாத முடிவுக்கு அதிக நாள் இல்லை. பேசினில் எலியை இளக்கி, இடுக்கியால் நீட்டினேன். பாம்பு வந்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. திரும்பியது. சின்னவள் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

மூலையில் கதிரையில் இருந்த உம்மா சொன்னா. "பாவம். மீன் மணக்கிற எலிய அது எப்பிடித் தின்னும்?"

நான் எலியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். ஒன்றும் மணக்கவில்லை. பேசினை மணந்தேன். பழைய குளிர்பெட்டிக்குள் தலையைவிட்டு மணந்தேன். மூத்தவளும் மணந்தாள். "சவர்க்கார மணம்தான் வருது" என்றாள்.

"உங்களுக்கு எப்பிடி மணக்கும்?" என்றா உம்மா. "எலி, பேசின், பெட்டி எல்லாம் ஒரே மணம். உங்கட வாப்பாட சட்ட மணம்."

நான் இடுக்கியைக் கீழே வைத்தேன். பெட்டியின் மூலையில் கிடந்த என் சட்டையைப் பார்த்தேன். மீன் விற்று வந்து கழற்றிய சட்டை. இந்த மணம் சாப்பாடு இல்லை என்று அதற்குப் படிப்பித்ததே நாங்கள்தான். பங்களாவில் எலி எலியாக மணந்தது, நான் மீனாக மணந்தேன். இங்கே எலியும் நானாக மணந்திருக்கிறது. எங்கள் தெருவை விட்டுப் போகாத ஒருவருக்கும் இது விளங்கியிருக்காது.

சின்ன நோனாவுக்குச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவவுக்குக் கதைக்க வரவில்லை. "ஐயோ, அது உங்களைச் சாப்பிட மாட்டேன் என்று நின்றிருக்கு. இதைவிட மரியாதை வேற என்ன?"

சிலாபத்துக்குச் சொல்லி புது எலி எடுப்பித்தோம். வழக்கம்போல உறைந்துதான் பஸ்ஸில் வரும். அதை எங்கள் வீட்டுப் பெட்டி எதிலும் வைக்காமல், வந்த அன்றே புதுப் பேசினில் இளக்கிக் கொடுப்பது என்று முடிவு. இடுக்கியையும் புதிதாக வாங்கினேன். பிறகு என் கை. தேசிக்காய் தேய்த்தேன், புளி தேய்த்தேன், சாம்பல் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் கையை உம்மாவின் மூக்குக்கு நீட்டுவேன். அவ தலையை ஆட்டுவா. மூத்தவளின் கையும் அப்படித்தான். மீன் கழுவுகிறவள் அவள்தானே.

"அப்ப யார் குடுக்கிறது?" என்றாள் சின்னவள்.

எல்லாரும் உம்மாவைப் பார்த்தோம். வந்ததிலிருந்து மூத்தவள் கோபத்தில் உம்மாவை மீன் தொட விட்டிருக்கவில்லை. எங்கள் வீட்டில் மீன் மணக்காத கை அது ஒன்றுதான்.

"என்னால ஏலாது. சத்தியமா ஏலாது."

அப்போது சின்னவள் எழும்பி உம்மாவுக்குக் கிட்டப் போனாள். தானாகப் போனது அதுதான் முதல் தடவை. "அத்தர் பூசாதீங்க. அதுவும் அவவுக்குப் புடிக்காது" என்றாள். உம்மா அவளையே பார்த்தபடி, சரி மகள் என்றா.

எலி வந்த அன்று பின்னேரம் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. உம்மா வெறும் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு வந்தா. பிஸ்மி சொல்லி இடுக்கியைப் பிடித்தா. நானும் மூத்தவளும் வாசலுக்கு வெளியே நின்றோம், எங்கள் மணம் போகாமலிருக்க. சின்னவள் மட்டும் உள்ளே நின்றாள். உம்மா அவளை ஏற்கெனவே நல்லாகக் குளிக்கவார்த்திருந்தா. குளிக்க நின்றது பாம்புக்காகத்தான் என்று சின்னவள் சொல்லியிருந்தாள்.

"கையை ஆட்டாதீங்க."

"அதுவாத்தான் ஆடுது மகள்."

"நான் புடிக்கிறன்." சின்னவள் தன் இரண்டு கையாலும் உம்மாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். "அவட கண்ணப் பாக்காதீங்க. வேற எங்கயாச்சும் பாருங்க."

"எங்க பாக்க?"

"என்னப் பாருங்க."

உம்மா அவளைப் பார்த்தா. அந்த நேரம் பாம்பு நாக்கை நீட்டியது. கழுத்து மெதுவாகப் பின்னால் வளைந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பிடிக்க ஏலாது. ஒரே வீச்சு. இடுக்கி உம்மாவின் கையிலிருந்து விழுந்தது. உம்மா கூச்சல் போட்டபடி சின்னவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தா. பெட்டிக்குள் பாம்பு எலியைச் சுற்றிச் சுருண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சுருளைத் தளர்த்தி, தலைப் பக்கத்தைத் தேடி, தாடையை ஒரு பக்கம் மறு பக்கம் என்று நகர்த்தி விழுங்கத் தொடங்கியது. நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். சின்னவள் உம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கவில்லை. இறக்கிவிடவும் உம்மா மறந்துவிட்டா.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி கேட்டா. "என்ன சத்தம்? யாரையும் தின்னுட்டுதா?"

"சாப்புட்டுட்டா மாமி" என்று சின்னவள் கத்தினாள். "உம்மா குடுத்து அவ சாப்புட்டுட்டா."

பெரிய மாத்தயா கொழும்புக்குக் கொண்டுபோகும் பேச்சை விட்டுவிட்டார். எலிக்கென்று மீன் படாத ஒரு சின்னப் பெட்டியும் அவரே அனுப்பினார். சாப்பாட்டு நாளில் இடுக்கி பிடிக்கிறது உம்மா, முழங்கை பிடிக்கிறது சின்னவள். என் சட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பாம்பு எங்கள் வீட்டிலேயே இருந்து பழையபடி பருத்தது. பிறகு சின்ன நோனா படிப்பு முடித்து வந்து அதைக் கூட்டிப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று நீங்கள் இரண்டு பேரும் அழுதீர்கள். ஆனால் பயந்து அழவில்லை.

அதற்கு முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். காற்றுக்காலம் முடிந்து, வெள்ளைக்காரர்களும் போய், கடல் தட்டையாகக் கிடந்த ஒரு காலை. மூத்தவளின் கோபம் அதற்குள் கரைந்து, குசினியில் அவளும் உம்மாவும் சேர்ந்து மீன் கழுவத் தொடங்கியிருந்தார்கள். மூத்தவள் அந்தப் பழைய பேசினை எடுத்துக்கொண்டு வந்து உம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மணந்து பாருங்க."

உம்மா மணந்தா. மறுபடியும் மணந்தா. "என்ன மணம்? ஒண்டும் இல்லையே."

மூத்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சின்னவள் மட்டும் கவலைப்பட்டாள்.

"அப்ப இனி மீன் மணக்குதா இல்லையா எண்டு யார் சொல்றது?"

"அதுதானே" என்றா உம்மா. முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டா. "திரும்ப ஒருக்கா குவைத்துக்குப் போய் மூக்க சரிபண்ணிக்கொண்டு வரவா?"

சின்னவள் உம்மாவின் கையை எடுத்து மணந்து பார்த்தாள். மீன் கழுவிய கை.

"வேணாம்" என்றாள். "மணந்தா மணக்கட்டும்."